பாம்பின் மொழியும் பெயரின் எழுத்தும்: ஒரு தொடர்ப்புனைவின் இரண்டாம் நூல்

தொடராக வரும் மாயப்புனைவுகளில் இரண்டாம் நூலுக்குத் திறனாய்வாளர்கள் உரிய இடம் அளிப்பதில்லை. முதல் நூல் உலகைப் படைக்கிறது. இறுதி நூல் முடிச்சை அவிழ்க்கிறது. இடைப்பட்டது வெறும் பாலம் என்பது பொதுக்கருத்து. ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையில் 1998ஆம் ஆண்டு சூலையில் வெளிவந்த இரண்டாம் நூல் இக்கருத்தை மறுக்கிறது. இவ்வரிசையை நகர மாயப்புனைவு என வகைப்படுத்துவதில் தடையுண்டு. கதையின் பெரும்பகுதி நகருக்கு அப்பாலுள்ள பள்ளியில் நிகழ்கிறது. ஆயினும் இலண்டன் தொடர்வண்டி நிலையத்துச் சுவருக்குப் பின்னே ஒரு நடைமேடையும், கடைத்தெருவுக்குப் பின்னே ஒரு மாயத்தெருவும் மறைந்திருப்பதே அதன் அடிப்படை. இரண்டாம் நூலில் அச்சுவர் மூடிக்கொள்ள, சிறுவர் இருவர் மகிழுந்தில் நகரின்மேற் பறக்கின்றனர்.

இந்நூல் தரும் இன்பத்தின் ஊற்று ஒரு மொழியியற் செய்தியாகும். முதல் நூலில் விலங்குக் காட்சிசாலைப் பாம்பொன்றுடன் ஹாரி உரையாடுகிறான். வாசகர் அதனைக் குழந்தைக்கதை மரபாகக் கருதிக் கடந்துவிடுகிறார். இரண்டாம் நூலில் சக மாணவன்மேற் பாயவிருந்த பாம்பை 'விட்டுவிடு' என்னும் பொருள்பட அவன் அதட்டுகிறான். சூழ நின்றோர் செவிகளில் சீறல் மட்டுமே விழுகிறது. தான் வேறு மொழி பேசியதையே அவன் அறியான். இதனால் முதல் நூலின் காட்சியும் புதுப்பொருள் பெறுகிறது. பின்னர், குழாய்மேற் பொறித்த பாம்புருவை நோக்கி அம்மொழியைப் பேச முயலும்போது முதலில் ஆங்கிலமே வருகிறது. கேட்போர் இன்றேல் மொழி எழுவதில்லை என்பதை இதனினும் எளிதாகக் காட்டல் அரிது.

வடகரப்பதிப் பகுதியில் வாழ்வோர்க்கு இது மாயமன்று. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசும் சிறுவனிடம், சற்றுமுன் எம்மொழியிற் பேசினாய் என வினவினால், அவன் திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டுள்ளேன். மொழிமாற்றம் பேசுவோனுக்குப் புலப்படாமல், கேட்போனுக்கு மட்டும் புலப்படுகிறது. ஹாரி கூறியது இன்னதென்று அறியாத மாணவர், அவன் பாம்பை ஏவிவிட்டதாகவே நம்புகின்றனர். சொல்லின் பொருளன்று, மொழியே ஐயத்திற்கு உள்ளாகிறது. எல்லைப்புற வாசகர் இப்பகுதியை வேகமாகக் கடக்க இயலாது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு எச்சரிக்கை ஒன்றுண்டு. பாம்பை நோக்கிய கூற்றைச் செய்யுள் நடையிலோ சிதைந்த வழக்கிலோ அமைத்தால் மறைபொருள் முன்னரே வெளிப்பட்டுவிடும். இயல்பான பேச்சுத்தமிழே பொருந்தும். 'பார்சல்டங்' என மொழிப்பெயரை ஒலிபெயர்த்தாலோ உணவகப் பொட்டலமே நினைவிற்கு வரும்; 'பாம்புமொழி' என்பதே போதும்.

மற்றொரு சிக்கல் கடினமானது. டாம் மார்வோலோ ரிடில் என்னும் பெயரின் உரோமன் எழுத்துகள் 16. அவை காற்றில் இடம்மாறி, 'நான் வோல்டெமார்ட் பிரபு' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடராகின்றன. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் பெயரை டாம் எல்விஸ் ஜெதுசோர் என மாற்றினார். செருமானியர் நடுப்பெயரை மட்டும் ஃபோர்லோஸ்ட் என்றாக்கினார். நடுப்பெயர் பாட்டனுடையது என்பதோ 2005இல் வந்த ஆறாம் நூலிலேயே கதைக்கு இன்றியமையாததாகிறது. முடிவுறாத தொடரைப் பெயர்ப்பவர் பின்வரும் நூல்களை அறியாமலேயே அவற்றிற்கும் சேர்த்து முடிவெடுக்கிறார்.

தமிழில் இடர் எழுத்தின் அலகிலேயே தொடங்குகிறது. மேற்கண்டவாறு எழுதிய பெயரில் 9 எழுத்துகள். 'ஐ ஆம் லார்ட் வோல்டெமார்ட்' என்பதில் 12. உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்து அடுக்கலாமெனின், செவி ஒருவேளை ஏற்கும், கண் ஏற்காது. காட்சியோ கண்ணுக்குரியது. அடிக்குறிப்பு இடுவது உச்சக்கட்டத்தில் வாசகரை நிறுத்திவைப்பதாகும். அதனை நான் ஏற்கவில்லை. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஈண்டுக் கருதத்தக்கன. இவற்றில் எழுத்துகள் முழுமையாக இடம்மாற வேண்டுவதில்லை. ஒன்றனுள் மற்றொன்று ஒளிந்திருந்தாற் போதும். நாட்குறிப்பில் தோன்றும் நீண்ட தமிழ்த்தொடர் ஒன்றிலிருந்து சில எழுத்துகள் மட்டும் ஒளிர்ந்து எஞ்சி அப்பெயரைக் காட்டுமாறு அமைக்கலாம். இயற்பெயரையும் மாற்ற வேண்டியதில்லை.

அந்நாட்குறிப்பு குறித்து ஒரு சொல். இந்நூலில் மருந்துண்டு பிறர் உருவம் கொள்வதும் உண்டு. ஏட்டில் உறையும் ஒருவன் சிறுமியின் உடலை ஆட்கொள்வதும் உண்டு. விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தோர் இரண்டையும் 'கூடுபாய்தல்' என்றுவிடக் கூடும். முன்னதில் உடல் மாறுகிறது, தன்னுணர்வு மாறுவதில்லை; பாலக்காட்டுப் பகுதி ஒடியன் கதைகளைப் போல, அஃது உருமாற்றமே. பின்னதற்கே கூடுபாய்தல் என்னும் சொல் ஓரளவு பொருந்தும்.