கையெழுத்துக் கமிட்டி

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், 2016 நவம்பரில், பொதுத் தேர்தலோடு ஒரு கேள்வியையும் ஜனங்கள் முன் வைத்தார்கள். தேறாத பள்ளிக்கூடங்களை உள்ளூர்க் கல்விக் குழுவிடமிருந்து எடுத்து மாநில சர்க்காரின் கீழ்க் கொண்டுவரலாமா என்பது விஷயம். ஓட்டுச் சீட்டின் வாசகமோ, பிள்ளைகள் நன்றாகப் படிக்கச் சர்க்கார் உதவட்டுமா என்று கேட்பது போல இருந்தது. வேண்டாமென்று யார் சொல்வார்கள்? நூற்றுக்குச் சுமார் 60 பேர் சொன்னார்கள்.

பள்ளிக்கூட நிர்வாகத்தைப் பற்றி நம்மிடம் அப்படியொரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. சட்டசபையில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு இரு பக்கமும் சரிசமமாக 138 ஓட்டு. மறு வருஷம் காமராஜ் வந்தபின் திட்டம் போயிற்று, நல்ல காரியம். ஆனால் அத்தனை வாதத்திலும் குயவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எல்லாரும் பேசினார்களே தவிர, அவன் தாயாரைக் கேட்க ஒரு வழி இருக்கவில்லை.

அந்த வழியை 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் திறந்தது. அரசுப் பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் குழுவுக்கு 20 பேர், தலைமை ஒரு தாயாருக்கு. 2024-ல் பழைய மாணவர்களையும் சேர்த்து 24. பள்ளிக்கு வேண்டியதைத் திட்டமாக எழுதுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறதென்று பார்ப்பதும் இவர்கள் வேலை.

முகப்பேரில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் அப்படியொரு குழுவில் அங்கத்தினர். கூட்டம் வேலை நாளில், பிற்பகலில். மூன்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். என்ன பேசினீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"கக்கூஸ்ல தண்ணி வரலேன்னு சொன்னேன் சார். எழுதிக்கிறோம்னாங்க. கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

"எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்களா?"

"அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

இதே முகப்பேரில் காலை வேளையில் தனியார் பள்ளி பஸ்கள் தெருவை அடைத்து நிற்கின்றன. அந்தப் பெற்றோர் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். ஆனால் அரசு உதவி பெறாத பள்ளிகளுக்குச் சட்டம் இந்தக் குழுவை விதிக்கவில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பதோ ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இயங்கும் வேறொரு கமிட்டி. பணம் கட்டுகிறவருக்கு ஆசனம் கிடையாது. ஆசனம் கிடைத்தவருக்கு அரை நாள் கூலி போகிறது.

ஏழை ஜனங்களுக்குப் பொறுப்பு வராது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. மூன்று வீட்டு வேலையை விட்டுத் தண்ணீருக்காகப் போய்ப் பேசியவருக்கா பொறுப்பில்லை? வாத்தியாரை நியமிப்பது, மாற்றுவது, பாடம் வகுப்பது எல்லாம் மேலே நடக்கிறது. 1976-ல் 42-வது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து கோட்டைக்கும் டில்லிக்கும் ஓயாத வழக்கு. அந்த வழக்கில் குழாயைப் பற்றிப் பேச்சே இல்லை.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கலாம். எழுதியதை உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்கலாம். தண்ணீர் வந்ததா இல்லையா என்பதை அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுக்கலாம். இதற்குச் சட்டசபை கூடவேண்டியதில்லை. தலைமை ஆசிரியருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டுமே என்பார்கள். வாஸ்தவம்தான். அவருக்கு மாற்று லீவு ஒரு நாள் கொடுத்துவிடட்டும்.