போதிகையைப் பார்த்த கண்

பழைய கோயிலுக்குள் நுழைந்ததும், விவரம் தெரிந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பது தூணின் தலையில் உள்ள போதிகையைத்தான். அலை அலையாகச் செதுக்கியிருந்தால் பல்லவர் காலம். சரிவாக வெட்டி, நடுவில் ஒரு துண்டு முன்நீண்டிருந்தால் சோழர் காலம். பூமொட்டு தொங்கினால் விஜயநகரக் காலம் அல்லது அதற்கும் பிந்தியது. இந்தப் பாடத்தை முதலில் முறையாக எழுதிவைத்தவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் (1885–1945). தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய நூல் 1914இல் இரண்டு தொகுதிகளாக வந்தது.

அவர் முறையின் பலம் அதன் எளிமை. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் பொறித்த கோயில்களை முளைக்குச்சிகளாக நட்டுக்கொண்டார். அவற்றில் போதிகையும், கூடு எனப்படும் குதிரைலாட வடிவ வளைவும், தூணும் எப்படி மாறிவந்தன என்று வரிசைப்படுத்தினார். பிறகு கல்வெட்டே இல்லாத கோயிலையும் அந்த வரிசையில் பொருத்தலாம். கூட்டின் உச்சியைக் கவனியுங்கள்: பல்லவர் கூட்டில் மண்வெட்டித் தகடு போன்ற முடி, சோழர் கூட்டில் சிங்கமுகம். இதற்குச் சமஸ்கிருதமோ கிரந்த எழுத்தோ தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் ராஜராஜனின் விமானத்தையும் நாயக்கர் காலச் சுப்பிரமணியர் சன்னதியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இம்முறையின் அருமை விளங்கும். உள்ளூர்ச் சிற்பிகளின் கலைச்சொற்களை மதித்து எடுத்துக்கொண்டதும் அவருடைய பெருமையே.

ஆனால் உளி நாட்காட்டி பார்த்து நடப்பதில்லை. பழைய பாணியை விரும்பிச் செதுக்கும் சிற்பி எக்காலத்திலும் உண்டு. ஒரே அரசன் பல பாணிகளில் கட்டுவித்திருக்கவும் கூடும். மாமல்லபுரத்தில் இந்தச் சிக்கல் வெடித்தது. பல்லவ அரசர்கள் மகேந்திரன், மாமல்லன், ராஜசிம்மன் என்று படிப்படியாகப் பாணியைப் பிரித்த வரிசையை 1962இல் தொல்லியலாளர் இரா. நாகசாமி மறுத்தார், அங்குள்ளவை எல்லாமே ராஜசிம்மன் செய்வித்தவை என்றார். அவர் முடிவைப் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் பாணி மாற்றத்தை ஆட்சி மாற்றமாகவே படிப்பதில் உள்ள ஆபத்தை அந்த விவாதம் காட்டிக்கொடுத்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் கை மாறும் என்பதற்கும் துப்ரேயின் வரிசையில் இடம் குறைவு.

என்னை இன்னும் உறுத்துவது வேறு. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் கண்டுசொன்னவர் துப்ரேய். 1920களில் பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவுக்குத் தென்னிந்தியச் சிலைகளை அனுப்பிவைத்தவரும் இவரே. காஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்த, யோகினிகள் எனப்படும் பெண் தெய்வங்களின் சிலைகள் அந்த வழியாகப் போய், லண்டன், பாரிஸ், வாஷிங்டன் என்று சிதறின. அன்றைய சட்டம் தளர்வானது, காலம் அப்படி என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. உறுப்பை முழுமையிலிருந்து பிரித்துப் பார்க்கப் பழகிய கண்ணுக்குச் சிலையைக் கோயிலிலிருந்து பிரிப்பதும் பெரிதாகப் பட்டிருக்காது என்பது என் ஊகம். அந்த யோகினிகள் நின்ற கோயில் இன்று இல்லை. சிலைகளின் காலத்தை ஆய்வாளர்கள் பாணியை வைத்துத்தான் கணிக்கிறார்கள், அதிலும் கருத்து வேறுபாட்டோடு.