பெரியவர் தோற்ற ஆட்டம்

கோவையில் 'கோ' இருக்கிறது. அதை ஆடத்தான் எனக்கு ஆள் கிடைப்பதில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் கம்ப்யூட்டரில் முகம் தெரியாத கொரியாக்காரர் யாரிடமாவது உதை வாங்கிவிட்டுப் படுக்கிற ரகம் நான். இந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு யசுனாரி கவாபட்டாவின் 'தி மாஸ்டர் ஆஃப் கோ' நாவலுடன் கொஞ்சம் சண்டை போடப்போகிறேன். அவர் 1968-ல் நோபல் வாங்கியவர். இருக்கட்டும்.

லீவுக்கு அப்பிச்சி ஊருக்குப் போய் ஆடுபுலி ஆடியவர்களுக்குப் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும். அதிலும் கட்டத்துக்குள் அல்ல, கோடுகள் சந்திக்கும் புள்ளியில்தான் காய். 15 ஆடுகள் சேர்ந்து 3 புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஜெயம். கோ பலகையில் 19-க்கு 19 கோடுகள், 361 புள்ளிகள். கறுப்பு முதலில். வைத்த கல் நகராது. நாலுபுறமும் வளைக்கப்பட்டால் வெளியே எடுத்துவிடுவார்கள். அதிக இடம் வளைத்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான் சட்டம், மிச்சமெல்லாம் ஆயுசு.

நாவலில் வருவது நிஜ ஆட்டம். 1938 ஜூனில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்தது. வெள்ளைக்கு 64 வயது ஹொனின்போ ஷூசாய். கறுப்புக்கு 29 வயது கிடானி மினோரு (நாவலில் ஒடாகே என்று பெயர்). பத்திரிகைக்காக உடனிருந்து எழுதியவர் கவாபட்டா. நடுவில் பெரியவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் மூன்று மாதம் ஆட்டம் நின்றது. கடைசியில் 5 புள்ளியில் தோற்றார். 1940 ஜனவரியில் இறந்தும் போனார்.

கவாபட்டா அற்புதமாக எழுதுகிறார். பலகை முன் உட்கார்ந்த அந்தச் சின்ன உருவத்தின் மௌனம் நமக்கே கேட்கிறது. என் வழக்கு வேறு. ஒவ்வொரு நாள் முடிவிலும் அடுத்த நகர்த்தலை எழுதி, உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கறுப்பு தன் 121-ஐ அப்படி ஒட்டிவைக்கிறார். யோசிக்க நேரம் சம்பாதிக்கும் தந்திரம் என்று பெரியவர் கொதிக்கிறார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை 130-ல் சறுக்குகிறார். ஒரு அழகான பழைய உலகத்தைச் சட்டப் புத்தகம் கொன்றுவிட்டது என்பதாக நாவல் துக்கம் காக்கிறது.

அந்த உறை ஏன் வந்தது? பழைய வழக்கப்படி வெள்ளைக்காரர், அதாவது மூத்தவர், நினைத்தபோது 'மிச்சம் நாளைக்கு' என்று எழுந்துவிடலாம். வீட்டில் சிஷ்யர்களோடு உட்கார்ந்து யோசிக்கலாம். இளையவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 1933-ல் கோ செய்கெனுடன் ஆடியபோது ஷூசாய் இப்படிப் பலமுறை எழுந்தார். அதில் ஜெயித்துக் கொடுத்த நகர்த்தலே ஒரு சிஷ்யருடையது என்று வதந்தி. ஆக, உறை வந்தது அழகைக் கெடுக்க அல்ல. சின்னவனுக்கும் நியாயம் வேண்டும் என்பதற்காக.

பெரியவருக்கும் அநியாயம் நடந்தது. முதலில் வைக்கும் கறுப்புக்கு அனுகூலம் உண்டு. இன்றைக்கு ஜப்பானில் அதற்கு ஈடாக வெள்ளைக்கு ஆறரைப் புள்ளி தருகிறார்கள். 'கோமி' என்று பேர். 1938 ஆட்டத்தில் அது இல்லை. இன்றைய கணக்கில் போட்டால் ஒன்றரைப் புள்ளியில் பெரியவர் ஜெயம்! (கோமி இருந்தால் கிடானி வேறு மாதிரி ஆடியிருப்பார் என்பது வாஸ்தவம்.) மூத்தவருக்கு வெள்ளை என்பது மரியாதை. அந்த மரியாதைதான் அவரைத் தோற்கடித்தது. சட்டம் வந்ததல்ல சிக்கல், பாதிதான் வந்தது.

நாவலைப் படியுங்கள், சிபாரிசு செய்கிறேன். கூடவே அந்த ஆட்டத்தின் 237 நகர்த்தல்களையும் ஒருமுறை பலகையில் வைத்துப் பாருங்கள். கவாபட்டா காட்டும் முரட்டு இளைஞன் அங்கே இல்லை. 34 மணி நேரத்துக்கு மேல் யோசித்து, பயந்து பயந்து ஆடும் ஒருத்தர்தான் இருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆடுபுலியில் நம் பசங்க இதையெல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஒரு ஆட்டம் முடிந்ததும், 'இப்ப நீ ஆடு, நான் புலி.'