ரசிகர் தீர்ப்பும் விமரிசகர் கடமையும்

ஒரு படம் நன்றா தீதா என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்கு உண்டு? பட முதலாளியைக் கேட்டால், “சீட்டு வாங்கியவனுக்கு” என்பார். பண்டிதரைக் கேட்டால், “கலை அறிந்தவனுக்கு” என்பார். முன்னவர் மக்களின் பெயரால் தமது பெட்டியை நிரப்புகிறார். பின்னவர் கலையின் பெயரால் மக்களை ஒதுக்குகிறார். இவ்விருவர் கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. ரசிகர் அபிப்பிராயத்தை மதித்துச் செவிமடுத்து, அதிலுள்ள நியாயத்தையும் மயக்கத்தையும் பிரித்துக் காட்டுவதே விமரிசனத்தின் வேலை என்பது எமது துணிபு.

பஞ்சாபித் திரைப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நவநியத் சிங் இயக்கத்தில் கிப்பி கிரேவாலும் சுர்வீன் சாவ்லாவும் நடித்து 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிங் வெர்ஸஸ் கௌர்’, காதல், அடிதடி, நகைச்சுவை மூன்றையும் ஒரே பானையிலிட்டுச் சமைத்த படம். அட்டாளைச்சேனையில் இருப்போருக்குப் பஞ்சாப் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அது கோதுமை விளையும் பூமி. எமது கரை நெல் விளையும் பூமி. அங்குள்ள இளைஞன் கனடாவை நோக்கி இருக்கிறான். எமது இளைஞன் வளைகுடாவை நோக்கி இருக்கிறான். வயலை நம்பி வாழ முடியாமற் கடல் கடக்கும் இரு மக்கட் கூட்டங்களின் சிரிப்பு, ஒன்றையொன்று விளக்க வல்லது.

இத்தகைய படங்களைப் பற்றி ரசிகர் கூறுவது எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கதை பழையது, பாட்டு நன்று, சண்டை விறுவிறுப்பு, வயிறு குலுங்கச் சிரித்தோம், அது போதும். ரசனை கெட்டுவிட்டது என்று பண்டிதர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஹிந்திப் படவுலகம் பல்லாண்டுகளாகத் தலைப்பாகை அணிந்த சீக்கியனை லொறிச் சாரதியாகவும் அசட்டு மனிதனாகவும் நிறுத்தி ஊரைச் சிரிக்க வைத்தது. 1980களில் வன்செயலும் அரச ஒடுக்குமுறையும் பஞ்சாபைக் குலைத்த பின்னர், அதன் சொந்தப் படத்தொழிலும் நலிவுற்றது. 2002இல் மன்மோகன் சிங் (பிரதமராக இருந்தவர் அல்லர், அதே பெயர்கொண்ட படக்கலைஞர்) இயக்கிய ‘ஜீ ஆயான் நூ’ அதற்குப் புத்துயிர் அளித்தது. 2012இல் ‘ஜட் அண்ட் ஜூலியட்’ படத்தில் தில்ஜித் தோசாஞ்ச் தலைப்பாகையோடு காதலனாக நின்றார். நேற்றுவரை பரிகாசப் பொருளாயிருந்தவன் இன்று கதாநாயகன்! அப்போது எழும் கைதட்டலில் வெறும் பொழுதுபோக்கை மட்டுமா கேட்கிறோம்? சுயமரியாதைக்கான தாகமும் அதில் ஒலிக்கவில்லையா?

இந்தத் தாகத்தை நாம் அறிவோம். தமிழ்த் திரையில் முஸ்லிம்களின் பேச்சு பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே வருகிறது. ஆயினும் எல்லாச் சிரிப்பும் ஒரே தன்மையதன்று. இலங்கை வானொலியில் புகழ்பெற்று, 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்த நாடகத்தை நினைவுகூர்வோம். அதன் வானொலி வடிவில் ராமதாஸ் மரிக்காராகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும், செல்வசேகரன் உபாலியாகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும் பேசினர். ஒருவர் மொழியை மற்றொருவர் வாங்கிப் பேசினார். எல்லோரும் கோமாளிகள், ஆதலால் எவரும் தாழ்ந்தவரல்லர். சமமாக இருந்து சிரிக்கும் சிரிப்பு வேறு, மேலிருந்து கீழ்நோக்கிச் சிரிக்கும் சிரிப்பு வேறு. நகைச்சுவைப் படத்தை அளக்க இதைவிடச் சிறந்த கோலொன்று எமக்குத் தெரியவில்லை.

இக்கோலால் அளக்கும்போது பஞ்சாபிப் படங்களின் குறை வெளிப்படுகிறது. ‘ஜட்’ என்பது நிலமுடைய உழவர் சாதியின் பெயர். பஞ்சாபின் சனத்தொகையில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்கிறது 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு; இந்திய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். அவர்களிற் பெரும்பாலோருக்கு உழ நிலமில்லை. நாயகன் பாடித் திரியும் வயலிற் கூலிக்கு நிற்கும் அம்மனிதன் படத்தில் எங்கே? பசுமைப் புரட்சிக்குப் பின் வற்றிவரும் நிலத்தடி நீரும், விவசாயியின் கழுத்தை இறுக்கும் கடனும் எங்கே? கனடா செல்வதையே கனவாக்கிக் காட்டும் ‘ஜட் அண்ட் ஜூலியட்’, அக்கனவு ஏன் பிறந்தது என்று கேட்கத் துணியவில்லை.

காதலையும் பார்ப்போம். வாரிஸ் ஷா 1766இல் இயற்றிய ‘ஹீர்’ காவியத்தில் காதலர் இருவரும் மடிகின்றனர். ஹீருக்கு நஞ்சிடுவோர் அவளது உறவினரே. குலமும் சொத்தும் காதலை எவ்வாறு கொல்லும் என்பதை அக்கவிஞன் மறைக்கவில்லை. இன்றைய படமோ நாலு குத்திலும் நாற்பது நகைச்சுவைத் துணுக்கிலும் அந்தச் சுவரைத் தகர்த்துவிட்டதாகப் பாவனை செய்கிறது. சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அப்படியானால் இதைக் கண்டு களித்த மக்கள் ஏமாளிகளா? இல்லை. 2020 நவம்பரிற் பஞ்சாப் விவசாயிகள் டில்லி எல்லைக்குச் சென்று, குளிரிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் தெருவில் அமர்ந்து, மூன்று வேளாண் சட்டங்களை அரசாங்கம் கைவிடும்வரை எழுந்திருக்கவில்லை. தில்ஜித் தோசாஞ்சும் அந்த டிசம்பரில் சிங்கு எல்லைக்குச் சென்று அவர்கள் நடுவே பேசினார். இத்தகைய படங்களுக்குக் கைதட்டிய மக்களே அவ்வாறு போராடினர். அவர்களது அறிவு படத்தின் அறிவைவிடப் பெரியது. இதை உணராத விமரிசகன் எத்தனை நூல் கற்றும் பயனென்ன?

ஆசிரியர்களை உருவாக்கும் ஊர் அட்டாளைச்சேனை. இங்கு பயிலும் நண்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். மாணவன் ஒரு படத்தைப் புகழ்ந்து பேசினால் அவன் வாயை அடைக்காதீர்கள். எந்த இடத்தில் சிரித்தாய், யாரைக் கண்டு சிரித்தாய், அந்த மனிதன் பக்கத்தில் இருந்திருந்தால் அவனும் கூடச் சிரித்திருப்பானா என்று கேளுங்கள். உன் வாப்பாவைப் போல் வயலில் நிற்பவர், உன் உம்மாவைப் போல் அந்நிய நாட்டில் வீட்டுவேலை செய்பவர் அந்தப் படத்தில் வந்தனரா என்றும் கேளுங்கள். “வரவில்லை” என்று அவன் தானே கண்டு சொல்லும்போது, அந்த வகுப்பறையில் ஒரு விமரிசகன் பிறந்துவிடுகிறான்.