காந்தி பாபுவின் குரல்

‘சதுரங்க வேட்டை’ வசனம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அந்தக் ‘குரு’ வசனத்துக்குத்தான் போகிறார்கள். ஏமாற்றியவனை எதிரியாகப் பார்க்காதே, அவனும் ஒரு வகையில் உனக்குக் குருதான் என்று படத்தின் மோசடி நாயகன் காந்தி பாபு சொல்வது. ஸ்டேட்டஸ் வைக்கத் தோதான வரி. ஆனால் அது, பணத்தைச் சுருட்டிக்கொண்டவன் பறிகொடுத்தவனுக்குச் சொல்லும் ஆறுதல். அதைத் தன்னம்பிக்கை மொழியாக ஊரெல்லாம் சுற்றவிட்டதில் எனக்கு வருத்தமுண்டு. படத்தின் உயிரான வசனம் வேறு: ஒருவனிடம் பணம் வாங்க வேண்டுமென்றால் அவன் கருணையை எதிர்பார்க்கக் கூடாது, ஆசையைத் தூண்ட வேண்டும். மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., அரிசியை இழுக்கும் கலசம் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு மோசடியாக இயக்குநர் எச்.வினோத் காட்டுவது இதைத்தான்.

இதையெல்லாம் காந்தி பாபுவாக நடித்த நட்டி சொல்லும் விதம்தான் என்னைத் திரும்பத் திரும்ப அந்தப் படத்துக்கு இழுக்கிறது. குரலை ஏற்றுவதில்லை. வரியின் முடிவில் கைதட்டலுக்கு இடம் விடுவதில்லை. அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் கண்டக்டர்போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ‘பிளாக் ஃப்ரைடே’வுக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். கேமராவுக்குப் பின்னால் நின்று பலரின் மிகை நடிப்பைப் பார்த்துச் சலித்த ஒருவரால்தான் இப்படிப் பேச முடியும் என்று எனக்குத் தோன்றும்.

அவரைக் கொண்டாடுகிற நாம், செட்டியாராக எதிரே உட்கார்ந்து கேட்ட நடிகர் இளவரசுவை மறந்துவிடுகிறோம். அந்தச் செட்டியார் முகத்தைப் பாருங்கள். சந்தேகம் அப்படியே லாபக் கணக்காக மாறுவது தெரியும். மோசடிக்காரனின் பேச்சு எடுபடுகிறதா என்பதை, கேட்கிறவர் முகம்தான் சொல்ல வேண்டும்.

‘சூது கவ்வும்’ படம் இதைவிட உசத்தி என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் தாஸ் அடுக்கும் கடத்தல் விதிகளுக்கு நானும் வாய்விட்டுச் சிரித்தவன்தான். ஆனால் அங்கே நாம் வெளியே நின்று சிரிக்கிறோம். காந்தி பாபு எம்.எல்.எம். மேடையில் பேசும்போது, மோசடி என்று தெரிந்தும், நம் கை ஒரு கணம் சட்டைப் பையைத் தொடுகிறது.

இப்போது எழுதப்படும் வசனங்களுக்கு எதிரே ஆளே இல்லை. பாத்திரம் நேராக நம்மைப் பார்த்துப் பாடம் நடத்துகிறது. டிரெய்லருக்கு வெட்டி எடுக்க வசதி. ‘துணிவு’ படத்தில் வினோத்தே வங்கி மோசடியை விளக்கி விளக்கிச் சொல்லும்போது, விளக்காமலே நம்மைச் சிக்கவைத்த ‘சதுரங்க வேட்டை’யின் அறிமுக இயக்குநருக்காக மனம் ஏங்குகிறது. நட்டியோ, ‘கர்ணன்’ படத்தில் கண்ணபிரானாக அதே நிதானக் குரலில் மிரட்டினார். அருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் குரல் மிரட்டுவதைவிட ஆசைகாட்டுவதில்தான் பல மடங்கு ஆபத்தானது. அதற்கு ஈடுகொடுக்கும் ஒரு காட்சியை யாராவது எழுத வேண்டும். எதிரே இளவரசுவை உட்காரவைத்து.