ஆண்டறிக்கையில் வராத செய்தி

தொடக்கப் பள்ளி ஆண்டு விழாக்களில் யாருமே காது கொடுத்துக் கேட்காத நிகழ்ச்சி ஒன்று உண்டு. வரவேற்பு நடனம் முடிந்திருக்கும். அடுத்த நடனத்துக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் ரோஸ் பவுடர் பூசிக்கொண்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் தலைமையாசிரியை மைக் முன்னால் வந்து நாலு பக்கத் தாளைப் பிரிப்பார். ஆண்டறிக்கை! அப்பாக்கள் டீ குடிக்க வெளியே நழுவுவதும், அம்மாக்கள் பக்கத்து வீட்டுக் கதையை ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

அடுத்த தடவை நழுவாதீர்கள். உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். எத்தனையோ நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். வருஷா வருஷம் ஊர் கூடியிருக்கும்போது வாசிக்கப்படுகிற இந்தச் சரக்குக்கு யாராவது விமர்சனம் எழுதி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அதனால் இந்த வாரம் நாமே எழுதிவிடுவோம்.

திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையோரம் இருக்கிற கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். ஊர் மாறும், புனிதர் பெயர் மாறும், அறிக்கை மட்டும் மாறாது. முதலில் இறைவனுக்கு நன்றி. அப்புறம் ஆயருக்கு, தாளாளருக்கு, பங்குத்தந்தைக்கு, சபைத் தலைமைச் சகோதரிக்கு. கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனது. பாதுகாவலர் திருவிழா. கிறிஸ்துமஸ் குடில். சுதந்திர தினத்தன்று கொடியேற்றியவர் பெயர். வளைகுடாவில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் வாங்கிக் கொடுத்த மின்விசிறிகள். எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் பரிசு வாங்கியவர்கள். கடைசியாக, பெயர் விடுபட்ட நல்ல உள்ளங்களுக்கும் ஒரு நன்றி.

நான் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. ஒழுகுகிற ஓடும், உடைந்த பெஞ்சும் நிர்வாகத்தின் பாடு. அங்கே மின்விசிறி வந்தால் அது செய்திதான். மாதா படத்துக்குக் கீழே திருநீறு பூசிய பிள்ளையும் தொப்பி போட்ட பிள்ளையும் ஒன்றாக வாய்ப்பாடு சொல்கிற இடம் அது. வாசலுக்கு எதிரிலேயே இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போய்விடும். அந்தப் பயத்தில் கோடை லீவில் சிஸ்டர்களும் டீச்சர்களும் வீடு வீடாகப் படியேறுகிறார்கள். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு.

என் குறை வேறு. பி.காம். படித்தவனுக்கு எந்த அறிக்கையைப் பார்த்தாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்று தேடுகிற புத்தி போகாது. இந்த அறிக்கையில் வரவு மட்டும்தான் இருக்கிறது. வராக்கடன் இல்லை, தேய்மானம் இல்லை, நஷ்டம் என்ற வார்த்தையே இல்லை. அப்படி ஒரு கணக்கை நீட்டினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட யோசிப்பார்.

இன்னும் தெளிவாகச் சொன்னால், பள்ளிக்கு மேலேயிருந்து வந்த செய்தி எல்லாம் இதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நடுவில் நடந்த செய்தி ஒன்றுகூட இல்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? யாரோடு யார் சாப்பிட்டார்கள்? யார் திடீரென்று வராமல் நின்றார்கள்? ஒரு பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பெரிய செய்தி வேறு என்ன இருக்கிறது?

இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கு அது தெரியாத விஷயமும் இல்லை. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய குருகுலம் சேரன்மகாதேவியில் நடந்தது. தேசபக்தி, தாய்மொழிக் கல்வி, உடற்பயிற்சி, காங்கிரஸ் கட்சியின் நிதி உதவி. அன்றைக்கு அதற்கு ஓர் ஆண்டறிக்கை எழுதியிருந்தால் எவ்வளவு ஜோராக இருந்திருக்கும்! ஆனால், பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப் பந்தி என்ற ஒரே ஒரு செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை மேடையேற்றினார்கள். விவகாரம் காந்தி வரை போனது. 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு இலை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது.

அதே சேரன்மகாதேவியில்தான் இன்னொரு கதையும் சொல்வார்கள். ரயில்வே கேட்டில் கார் நிற்க, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் பள்ளிக்கூடம் போகாதது ஏன் என்று காமராஜர் கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். மதிய உணவுத் திட்டத்துக்கு விதை அதுதான் என்பார்கள். ஆக, தனிப் பந்திக்கும் பொதுப் பந்திக்கும் ஒரே ஊர் பெயர் பெற்றிருக்கிறது!

'அது ஆசிரமம். நம்ம பள்ளிக்கூடத்துல மாதா முன்னால எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதானே?' என்று நீங்கள் கேட்கலாம்.

சரி, தெற்கே வடக்கன்குளத்துக்குப் போவோம். அங்கே திருக்குடும்ப ஆலயம், கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி, இரண்டு நீண்ட கூடங்களாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, பூசை ஒன்று. ஆனால், இந்தச் சாதி இந்தக் கூடத்தில், மற்றவர்கள் அந்தக் கூடத்தில். நடுவில் சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபையே அந்தச் சுவரை இடித்தது. சுவர் திரும்ப வேண்டும் என்று வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தில் இந்த வரலாற்றை எழுதியிருக்கிறார். அதே வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர்தான் தேவசகாயம். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். புனிதர் பட்டம் கிடைத்தது எல்லா மலர்களிலும் வரும். சுவர் இருந்ததும், அதை இடித்ததும் எத்தனை மலரில் வரும்?

இன்னொரு செய்தி, விருதுநகர் மாவட்டத்திலிருந்து. 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' படித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் தென்னை மரத்தைத் தொட்டு விளையாடும்போது ஒரு காய் கீழே விழுகிறது. தேங்காய் திருடியாகச் சிறுமியைக் குற்றம் சாட்டி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவமானப்படுத்துகிறார் தலைமையாசிரியர். நியாயம் கேட்டுச் சாமியாரிடம் போனால், சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்கிற தோரணையில்தான் அவரும் பேசுகிறார். அந்த வருஷத்து ஆண்டறிக்கையில் இது வந்திருக்குமா? வந்திருக்காது. பள்ளி எழுதாததை, அங்கே படித்த பிள்ளை வளர்ந்து புத்தகமாக எழுதியது. எழுதத் தெரியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ!

இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பழசா? நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு பையனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பையன் தலித். சாதியைச் சொல்லித் துன்புறுத்துவது தாங்காமல் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறான். பிறகு புகார் கொடுத்தான். வெட்டு விழுந்தது அதற்கப்புறம்தான். அதே பையன் மறு வருஷம் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மார்க் வாங்கினான். மார்க்தான் ஆண்டறிக்கையில் ஏறுகிற சரக்கு. அவன் வராத நாட்கள் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடும்.

அது மேல்நிலைப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளியும் அல்ல. ஆனால், பிளஸ் டூ பையன் பிளஸ் டூவிலேயே பிறப்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்த பிள்ளைதான் அவனும், அவனை வெட்டியவர்களும். கையில் கலர் கயிறு பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கிற வித்தையை எந்த வயசில் கற்றுக்கொள்கிறார்கள்? கயிறைத் தடுக்க 2019-இல் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அமுங்கிப்போனது. நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு வேண்டாம், நெற்றி அடையாளம் வேண்டாம், அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். பாருங்கள், கடைசியில் பெஞ்சுக்குத்தான் வந்து சேர்கிறோம்.

நல்ல செய்தியும் அங்கேதான் இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம், கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று வந்தது. தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 3,995 பள்ளிகள், இரண்டே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள். அந்த வருஷத்து ஆண்டறிக்கைகளில் தொடக்க விழாவும், வந்த சிறப்பு விருந்தினர் பெயரும் இருந்திருக்கும். அதுவரைக்கும் எத்தனை பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பிரேயரில் நின்றார்கள் என்ற எண்ணிக்கை இருந்திருக்குமா? அதே உணவை, சமைத்தவர் தலித் என்பதற்காகப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்த சம்பவம் 2023-இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டியில் ஓர் அரசுப் பள்ளியில் நடந்தது. கனிமொழி போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. தட்டு போடுவது திட்டம். யார் பக்கத்தில் யார் தட்டு என்பதுதான் பள்ளிக்கூடம்.

குறை மட்டும் சொன்னால் போதாது. இந்த அறிக்கையில் மூன்று பத்தி சேர்க்கலாம் என்பது என் யோசனை.

ஒன்று, இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள், ஏன், அவர்கள் வீட்டுக்கு யார் போனார்கள். இரண்டு, பெஞ்சும் தட்டும் துடைப்பமும். எப்படி உட்கார வைக்கிறோம், எப்படிச் சாப்பிட வைக்கிறோம், வகுப்பையும் கழிப்பறையையும் கூட்டிக் கழுவுவது யார். மூன்று, பெற்றோர் சொன்ன புகார்கள் எத்தனை, தீர்ந்தது எத்தனை. எந்தப் பிள்ளை பெயரும் வேண்டாம். விவரம் போதும்.

'பள்ளி பேர் கெட்டுப்போகாதா?' என்று கேட்பார்கள். வராக்கடனை மறைத்த கம்பெனிகள் என்ன ஆயின என்று ஷேர் வாங்கிச் சூடுபட்டவர்களைக் கேளுங்கள். ஒரு தாய் தன் பிள்ளையை எதை நம்பி அனுப்புகிறாள்? தப்பே நடக்காது என்று நம்பி இல்லை. நடந்தால் மறைக்க மாட்டார்கள், கேட்பார்கள் என்று நம்பித்தான். நல்ல பெயர் என்பது அதுதான்.

இதில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதற்கு முன்னால் ஆன்ம சோதனை செய்ய வேண்டும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே சிஸ்டர் சொல்லிக் கொடுக்கிறார். கண்ணை மூடி, யாரிடம் பொய் சொன்னேன், யாரை அடித்தேன் என்று அந்தப் பிள்ளை யோசிக்கிறது. எட்டு வயசுப் பிள்ளை செய்யக்கூடிய ஒன்றை, நூறு வயசுப் பள்ளிக்கூடம் வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய முடியாதா?

ஆண்டு விழா நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும். போங்கள். பிள்ளை ஆடுவதைக் கைதட்டி ரசியுங்கள். அறிக்கை முடிந்ததும் டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் பணிவாகக் கேளுங்கள்: "டீச்சர், போன வருஷம் ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்த பிள்ளைங்க எல்லாரும் இப்பவும் வர்றாங்களா?"