கால் தவறவில்லை

ஆர்கன் போட்டியின் அரையிறுதியில் அந்த ஒல்லிப் பையனின் கால் தடுமாறிவிட்டதாக எழுதாதவர்கள் பாக்கியில்லை. எனக்குக் கோபமாக வருகிறது.

ஆதாமின் வீழ்ச்சியைச் சொல்லும் பாக்கின் கோரலை, அதாவது சபைப் பாட்டின் மெட்டில் அமைந்த ஆர்கன் இசையை, அவன் வாசித்தான். காலால் வாசிக்கும் பெடல் சுரம் ஏழாம் இடைவெளி அளவுக்குக் கீழே சறுக்கி விழும். உடனே ஒரு மௌனம். மறுபடி விழும், மறுபடி மௌனம். மற்றவர்கள் கீழ்ச்சுரத்தை முழுசாகப் பிடித்து, மௌனத்தைச் சட்டென்று கடந்தார்கள். இவன் காலை முன்கூட்டியே எடுத்தான். மேலே மெட்டு இம்மியும் பிசகவில்லை. தாளம் போச்சு என்பவர்கள் மெட்டைக் கேட்கவில்லை, காலைத்தான் பார்த்திருக்கிறார்கள். அரங்கமும் சதி செய்தது: எதிரொலியே இல்லாத வறண்ட கூடம். கல்கோயிலில் வாசித்திருந்தால் அந்த இடைவெளியில் ஒலி மெல்லக் கரைவது கேட்டிருக்கும்.

அந்தக் கோரலின் மூலப் பாட்டு 1524-இல் வந்தது. பாக் காலத்து லுத்தரன் சபைக்கு அது மனப்பாடம். மெட்டு எழுந்தாலே சொல் நாக்குக்கு வந்துவிடும். சொல் சபையிடம் இருந்தது. அதன் கனத்தைக் காட்டுவது ஆர்கனின் வேலை. வசனத்தைப் படித்துவிட்டுப் போதகர் பேசாமல் சபையைப் பார்த்து நிற்பாரே, பையன் செய்தது அதுதான்.

நடுவர்கள் முகம் சுளிப்பது புதிதில்லை. 1706-இல் ஆர்ன்ஷ்டாட் திருச்சபை அதிகாரிகள் பாக்கையே கூப்பிட்டு, கோரலுக்குள் விநோதச் சுரங்களை நுழைத்துச் சபையைக் குழப்புகிறீர் என்று கடிந்துகொண்டார்கள். அதே ஆண்டில்தான் லுத்தரன் போதகர் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அந்த மரபில் ஞானப்பாட்டு பாடி வளர்ந்த நம்மவர்களுமா இதைத் தடுமாற்றம் என்பது? அதுதான் கூடுதல் எரிச்சல்.

இறுதிச் சுற்றுக்கு வருவோம். ‘ஓர்கெல்பியூக்லைன்’ என்ற கோரல் தொகுப்புக்கு பாக் திட்டமிட்டவை 164, முடித்தவை 46. அந்த 46-இல் இவன் ‘ஓ மென்ஷ், பெவைன்’ எடுப்பான் என்பது என் கணிப்பு. கடைசியில் ‘அடாஜிஸ்ஸிமோ’ என்று பாக்கே எழுதிவைத்த இடம் வருமே, அங்கே மற்றவர்கள் மிட்டாய் மாதிரி இழுப்பார்கள். இவன் இழுக்க மாட்டான். எதிர்பாராத அந்த சி-ஃபிளாட் ஒத்திசைவில் ஒரு கணம் நின்று, அலட்டிக்கொள்ளாமல் இறங்கி முடிப்பான். மூன்று நடுவர்களில் ஒருவராவது மதிப்பெண் குறைப்பார். கோப்பை போனாலும் போகட்டும். கைதட்டல் எழச் சற்று நேரம் பிடிக்கிறதா என்று பாருங்கள்.